நைல் நதியும் கெய்ரோ மாநகரும்

எகிப்தின் தலைநகருக்கு அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயர் கெய்ரோ அன்று. அரசாங்க ஏடுகளிலும் உலகப் படங்களிலும் காணப்பெறும் 'அல் காஹிரா' என்ற அரபுப் பெயரே ஐரோப்பியர் நாவில் கெய்ரோ எனத் திரிந்தது. நாட்டுப்புறத்திலிருந்து அங்குப் புறப்படும் உழவன், தான் 'மஸ்ருக்கு'ப் போவதாகவே சொல்வான். மிஸ்ர் என்பது எகிப்து நாட்டின் பெயர். பேச்சு வழக்கில் மஸ்ர் ஆகும். நாட்டுக்கும் நகருக்கும் மக்கள் ஒரே பெயரை வைத்துக்கொண்டனர். காஹிரா என்பதற்கோ 'வெற்றி கொள்பவள்' என்பது பொருள். அது அரசர் இட்ட பெயர். படைத்தலைவர் ஒருவர் மதில் எழுப்பித் தம் வேந்தருக்காகச் சூட்டிய பெயர்.

இந்நகரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரச மரபுகளின் வரிசையாகவே எழுதிச் செல்வர். துலூனியர், பாத்திமியர், அய்யூபியர், மம்லூக்கியர், உதுமானியர் என்று அப்பட்டியல் நீளும். மாணவர் மனப்பாடம் செய்வதற்கு அது உதவக்கூடும். ஆனால், ஒவ்வொரு மரபும் முன்னவர் நகரை விட்டு ஏன் சற்று வடக்கே தள்ளித் தனக்கென ஒரு நகர் கண்டது, கடைவீதியும் துறைமுகமும் ஏன் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மேற்கு நோக்கி நகர்ந்தன, அரண்மனையில் பொன் குவிந்திருந்த காலத்தும் நகரத்தார் ஏன் பட்டினியால் மாண்டனர் என்ற வினாக்களுக்கு அப்பட்டியலில் விடை இல்லை. விடை பெரும்பாலும் ஆற்றில் இருக்கிறது.

தெற்கே நெடுந்தொலைவு ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே ஓடிவரும் நைல், கெய்ரோவுக்குச் சற்று வடக்கே கிளைகளாகப் பிரிந்து விசிறிபோல் விரிந்து கடலைச் சேருகிறது. கிழக்கே முகத்தம் குன்று, மேற்கே பாலைவனம். இந்த இடுக்கில் உட்கார்ந்திருப்பவன் கையில் மேல் எகிப்தும் கீழ் எகிப்தும் ஒருங்கே அகப்படும். பழைய பேரோ மன்னர்களும் இதனை அறிந்தே, இன்றைய நகருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே, ஆற்றின் மேல்கரையில் மெம்பிஸ் நகரை அமைத்தனர். கெய்ரோவைப் பேரோக்களின் நகர் என எண்ணுவோர் பலர். அது பிழை. கீசாவின் பெரிய பிரமிடு எழுந்து 3,400 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே காஹிராவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இந்நகருக்குப் பிரமிடுகள் எப்பொழுதுமே பழம்பொருள்தாம். பல காலம் வெட்டிய கல் எளிதிற் கிடைக்கும் இடமாகவும் அவை இருந்தன.

கிழக்குக் கரையில் முதலில் எழுந்தது உரோமர் கோட்டை. அதற்குப் பாபிலோன் என்று பெயர். டிராஜன் பேரரசர் காலத்தில் அவ்விடத்திலிருந்து செங்கடலை நோக்கி ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அக்கோட்டையின் இடிபாடுகளுக்குள் எகிப்தியக் கிறிஸ்தவர்களாகிய காப்தியரின் பழைய தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. கோட்டை வாயிலின் மேலேயே கட்டப்பட்ட ஒன்றைத் 'தொங்கும் தேவாலயம்' என்பர்.

கி.பி. 641-இல் அராபியப் படைத்தலைவர் அம்ரு இப்னுல் ஆஸ் அக்கோட்டையைக் கைப்பற்றினார். அந்நாளில் எகிப்தின் தலைநகர் கடற்கரையிலிருந்த அலெக்சாந்திரியா. அழகும் செல்வமும் வாய்ந்த அந்நகரை விட்டு, வெற்றி பெற்ற படை ஏன் ஆற்றங்கரை மணலில் தங்கிற்று? தமக்கும் தம் படைக்கும் இடையே ஆறு குறுக்கிடுதல் கூடாதெனக் கலீபா உமர் கட்டளையிட்டார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் கூறுவர். மதீனாவிலிருந்து ஒட்டகத்தில் வருபவன் நைலின் கீழ்க்கரை வரை தடையின்றி வந்து சேரலாம். அம்ருவின் கூடாரத்தில் புறா கூடு கட்டிற்றென்றும், குஞ்சுகளைக் கலைக்க மனமின்றிக் கூடாரத்தை அப்படியே விட்டுச் சென்றார் என்றும், அதனைச் சுற்றியே நகர் எழுந்ததென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை இனியது, ஆயினும் கலீபாவின் கட்டளையே பொருத்தமான காரணமாகத் தோன்றுகிறது. இவ்வாறு எழுந்த பாசறை நகரே புஸ்தாத். அம்ரு உரோமரின் பழைய கால்வாயைத் தூர்வாரித் திறந்தார். எகிப்தின் கோதுமை அதன் வழியே செங்கடலுக்கும், அங்கிருந்து அரேபியாவுக்கும் சென்றது. 8-ஆம் நூற்றாண்டில் அப்பாஸியக் கலீபா அல் மன்சூர், மதீனாவில் எழுந்த கலகத்தார்க்கு உணவு கிட்டாதிருக்க அதனை அடைத்துவிட்டார். கடல் வரை செல்லாது நகரோடு நின்ற அக்கால்வாயைக் 'கலீஜ்' என்று வழங்கினர். அதனைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கிறது.

பதினாறு முழம்

புஸ்தாத்துக்கு எதிரே ஆற்றின் நடுவில் ரோதா என்னும் தீவு. அதன் தென் முனையில், கி.பி. 861-இல் கலீபா அல் முதவக்கில் ஆணைப்படி கட்டப்பட்ட ஒரு கிணறு உள்ளது. கல்லால் கட்டிய ஆழ்ந்த குழி. சுற்றிலும் கீழிறங்கும் படிகள். நடுவில் எண்கோணத் தூண் ஒன்று. தூணில் முழக்கணக்கும் விரற்கணக்கும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆற்று நீர் சுருங்கைகள் வழியே குழிக்குள் புகும். ஆறு எவ்வளவு உயர்கிறதோ தூணில் அவ்வளவு காட்டும். இஸ்லாமியர் காலத்துக் கட்டடங்களில் எகிப்தில் எஞ்சியுள்ள மிகப் பழையனவற்றுள் இதுவும் ஒன்று. பள்ளிவாசலுக்கும் அரண்மனைக்கும் செலவிட்ட அதே கவனத்தை ஓர் அளவுகோலுக்கும் செலவிட்டிருக்கிறார்கள்.

எகிப்தில் மழை அரிது. எத்தியோப்பிய மலைகளில் கோடையில் பெய்யும் மழையே நைலின் வெள்ளம். சூன் மாதக் கடைசியில் கெய்ரோவில் நீர் உயரத் தொடங்கும்; செப்டம்பரில் உச்சத்தை எட்டும். நீர் வடிந்தபின் வயலில் தங்கும் கருவண்டலில் விதைப்பர். தூணில் நீர் 16 முழத்தைத் தொட்டால் அவ்வாண்டு நிறைவாண்டு. அதனை 'வபா' என்பர்; ஆறு தன் வாக்கை நிறைவேற்றிற்று என்பது கருத்து. 16 முழம் எட்டாவிடில் அரசு முழு நிலவரி வாங்குவதற்கில்லை. அதற்கு மிகவும் மேலே சென்றாலோ கரைகள் உடைந்து ஊர்கள் அழியும். ஆண்டுதோறும் வெள்ளக் காலத்தில் 'நைல் அறிவிப்போன்' ஒருவன் தெருத்தெருவாகச் சென்று, நேற்றைக்கு இன்று எத்தனை விரல் உயர்ந்தது எனக் கூவுவான். இவ்வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலும் நீடித்ததை ஆங்கில அறிஞர் எட்வர்ட் லேன் பதிவு செய்துள்ளார்.

அக்கூவலைக் கேட்டு முதலில் அசைபவர் உழவர் அல்லர், தானிய வணிகர். விரற்கணக்கு குறைந்தால் அன்று மாலையே களஞ்சியங்கள் பூட்டப்படும். மறுநாள் கோதுமை விலை ஏறும். பஞ்சம் வருவதற்கு முன்பே பஞ்சத்தின் விலை வந்துவிடும். ஆதலின் பாத்திமிய வேந்தர் அல் முயிஸ், 16 முழம் நிறையும் வரை நீர் உயர்வைப் பொதுமக்களுக்கு அறிவிக்கலாகாது எனத் தடை விதித்தார். செய்தியை மறைத்து விலையை அடக்க முயன்ற அரசர்களில் அவர் முதல்வரும் அல்லர், கடைசியானவரும் அல்லர்.

இத்தூணின் கணக்கு அறிவியலுக்கும் பயன்பட்டது. கி.பி. 622 முதல் பல நூற்றாண்டுகளுக்கான நைல் நீர்மட்டக் குறிப்புகள் அரபு ஏடுகளில் காக்கப்பட்டன. எகிப்திய அரசாங்கத்தில் நெடுநாள் பணிபுரிந்த ஆங்கிலேய நீரியல் அறிஞர் ஹெரால்டு ஹர்ஸ்ட், அக்குறிப்புகளையும் வேறு பல இயற்கைக் கணக்குகளையும் ஆராய்ந்து 1951-இல் ஒரு முடிவை வெளியிட்டார். குறை நீர் ஆண்டுகள் தனித்தனியே சிதறி வருவதில்லை. கூட்டமாகத் தொடர்ந்து வரும் இயல்புடையன என்பதே அது. நகரத்தார் தம் வயிற்றால் அறிந்திருந்ததை ஹர்ஸ்ட் கணக்கால் காட்டினார்.

வேந்தர் நகரும் வணிகர் நகரும்

புஸ்தாத்தின் வடபால் 750-ஐ ஒட்டி அப்பாஸியர் அல் அஸ்கர் என்ற பாசறையை அமைத்தனர். அதற்கும் வடகிழக்கே, 870-இல் அகமது இப்னு துலூன் அல் கதாயி நகரைக் கட்டினார். 905-இல் அப்பாஸியப் படை திரும்பி வந்து அந்நகரைத் தரைமட்டமாக்கிற்று. செங்கல்லால் கட்டிய அவருடைய பெரிய பள்ளிவாசலை மட்டும் விட்டது. அது இன்றும் இருக்கிறது.

969-இல் துனிசியாவிலிருந்து வந்த பாத்திமியர் படை எகிப்தை வென்றது. படைத்தலைவர் ஜவ்ஹர் இன்னும் வடக்கே சென்று, நான்கு புறமும் மதில் சூழ்ந்த நகருக்கு அடிகோலினார். நல்ல வேளை பார்ப்பதற்காகச் சோதிடர் காத்திருந்தனராம். மதில் செல்லும் வழி நெடுகக் கயிறு கட்டி மணிகள் தொங்கவிட்டிருந்தனர். காகம் ஒன்று கயிற்றில் வந்தமர மணி ஒலித்தது; குறி கிடைத்ததென்று எண்ணிய வேலையாட்கள் மண்ணை வெட்டிவிட்டனர். அந்நேரம் வானில் ஏறி நின்ற கோள் செவ்வாய். அதற்கு அரபில் 'அல் காஹிர்'. அதனாலே நகருக்கு அப்பெயர் வந்ததென்பர். ஆயினும் இதே கதையை அலெக்சாந்திரியாவைப் பற்றி அல் மசூதி என்னும் அறிஞர், காஹிரா தோன்றுவதற்கு முன்னரே எழுதி வைத்துவிட்டார். நகரங்களைப் போலவே நகரங்களின் கதைகளும் பழைய கல்லால் கட்டப்படுவதுண்டு.

காஹிரா பொதுமக்களுக்காகக் கட்டப்பட்ட ஊர் அன்று. கலீபாவும் அவர் படையும் அரண்மனைப் பணியாளரும் வாழ்ந்த இடம். 972-இல் தொழுகை தொடங்கிய அல் அஸ்ஹர் பள்ளிவாசலும் அதனுள் எழுந்ததே. கொடுக்கல் வாங்கல் எல்லாம் தெற்கே சில கல் தொலைவில், ஆற்றையொட்டிய புஸ்தாத்தில் நடந்தது. 1047-இல் அங்குச் சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரு, தொலைவிலிருந்து காண்போர்க்குப் புஸ்தாத் ஒரு மலைபோல் தோன்றும் என எழுதுகிறார். ஏழு மாடி, சிலவிடத்துப் பதினான்கு மாடி வீடுகளும், பகலிலும் விளக்கெரியும் கடைத்தெருக்களும் இருந்தனவாம். ஒரு செல்வர் தம் ஏழடுக்கு மாளிகையின் உச்சியில் தோட்டம் வைத்தார்; கன்றுக்குட்டி ஒன்றை மேலே தூக்கிச் சென்று, அங்கேயே வளர்த்து எருதாக்கி, நீரிறைக்கும் சக்கரத்தை இழுக்கச் செய்தார். எருதாய் வளர்ந்தபின் படி வழியே அதனை இறக்க இயலாதன்றோ! நைலின் நீர் தோற்பைகளிலும் செப்புக் குடங்களிலும் தெருவுக்கு வந்தது. நீர் சுமப்போர் அந்நகரில் ஒரு பெரிய கூட்டம்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு நிகழ்ச்சி. ஒளியியலில் ஈடிணையற்ற அறிஞரான இப்னுல் ஹைதம், நைலின் வெள்ளத்தை அடக்கிப் பயன்படுத்தத் தம்மால் வழி காண இயலுமெனச் சொன்னதாகக் கேள்வியுற்றுக் கலீபா அல் ஹாக்கிம் அவரை வரவழைத்தார். அவர் தெற்கே அஸ்வான் பகுதி வரை சென்றார். வழியெங்கும் முன்னோர் எழுப்பிய மாபெருங் கோயில்களைக் கண்டார். இவ்வளவு கணக்கறிந்தவர்கள் செய்யாத ஒன்றைத் தாம் செய்வது இயலாதென உணர்ந்து திரும்பினார். கலீபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர் போல் நடித்து, அவர் இறக்கும் வரை வீட்டுக்காவலில் கிடந்தார் என்று பழைய வரலாறுகள் கூறும். அஸ்வானில் ஆற்றைத் தடுக்க மீண்டும் ஒருவர் முனைவதற்கு 900 ஆண்டுகள் ஆயின.

1065 முதல் ஏழாண்டுகள் எகிப்து கண்ட பஞ்சம் கொடியது. கலீபா அல் முஸ்தன்சிர் காலம். நைல் தவறியது ஒரு காரணம். துருக்கியப் படையினரும் கறுப்பினப் படையினரும் தம்முள் மோதிக்கொண்டு விளைச்சலையும் வழிகளையும் அழித்தது மற்றொன்று. நாயும் பூனையும் உணவாயின. அதற்கு மேலும் நடந்தவற்றை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஊதியம் கேட்ட படையினர் 1068-இல் அரண்மனை நூலகத்தைச் சூறையாடினர். நூல்களின் தோல் அட்டையை உரித்து அடிமைகள் காலணி தைத்தனர் என்றும், கிழிந்த ஏடுகள் குவிந்து காற்றில் மணல் மூடி மேடுகளாயின என்றும், அவற்றைப் 'புத்தக மேடுகள்' என மக்கள் அழைத்தனர் என்றும் அல் மக்ரீசி குறிக்கிறார். ஆற்றின் மட்டம் இரண்டு முழம் குறைந்ததன் விளைவு இவ்வளவு தூரம் செல்லும். எத்தியோப்பிய அரசனே நைலைத் தடுத்து வைத்துள்ளான் என்ற அச்சமும் அக்காலத்தே பரவியிருந்தது. அவனிடம் மன்றாடி நீரை விடச் செய்யும்படி காப்தியரின் சமயத் தலைவரைக் கலீபா தூது அனுப்பினார் என்ற கதை அவ்வச்சத்தில் பிறந்ததே.

பஞ்சத்தின் பின் ஆட்சியைச் சீராக்கிய படைத்தலைவர் பத்ருல் ஜமாலி, மதிலைக் கல்லால் மீண்டும் கட்டினார். அவர் காலத்து வாயில்களாகிய பாபுன் நசுர், பாபுல் புதூஹ், பாபு சுவைலா மூன்றும் இன்றும் நிற்கின்றன. மக்கட்கும் காஹிராவினுள் வீடு கட்ட இசைவு தந்தவர் அவரே. வேந்தர் நகர் வணிகர் நகராக மாறியது அதுமுதல்தான்.

மிளகு வந்த வழி

தமிழ் வாசகர்க்கு இந்நகர் முற்றும் அயலானதன்று. சங்க காலத்தில் முசிறியில் ஏற்றிய மிளகு, செங்கடல் துறைகளில் இறங்கிப் பாலைவனம் கடந்து, நைலில் படகேறி அலெக்சாந்திரியா சென்றது. செங்கடற்கரையில் குசைர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அதே வழியே ஆயிரம் ஆண்டு கழித்தும் மிளகு சென்றது. இடையே நின்று அதனை வாங்கி விற்ற நகர் இப்போது புஸ்தாத்.

அவ்வணிகத்தின் கடிதங்கள் கிடைத்த விதம் வியப்பானது. இறைவன் பெயர் எழுதிய தாளை எறிதலும் எரித்தலும் யூதர்க்கு ஆகாது. ஆதலின் புஸ்தாத்திலுள்ள பென் எஸ்ரா யூதக் கோயிலின் அறை ஒன்றில் பயனற்ற தாள்களையெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் போட்டு வைத்தனர். மணமுறிவுச் சீட்டு, கடன் பத்திரம், பள்ளிப் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி, வணிகர் கடிதம் எனப் பலவும் அங்கே சேர்ந்தன. 1896-97-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் சாலமன் செக்டர், அவற்றுள் 1,90,000-க்கு மேற்பட்ட துண்டுகளைத் தம் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றைத் தம் வாழ்நாளெல்லாம் ஆய்ந்த கொய்டைன் என்பார், 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல்லாண்டு வாழ்ந்து வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற துனிசிய யூத வணிகரின் வாழ்வை அக்கடிதங்களினின்று தொகுத்தார். மிளகும் இரும்பும் பாக்கும் மேற்கே சென்றன; எழுதுதாளும் கண்ணாடியும் செம்பும் கிழக்கே வந்தன. மன்னர்களின் கல்வெட்டு சொல்லாத செய்திகளைக் குப்பை அறையின் தாள்கள் சொல்கின்றன.

புஸ்தாத்தின் முடிவு 1168-இல் நேர்ந்தது. சிலுவைப் போர்ப்படை நெருங்கவே, பகைவர்க்குப் பயன்படாதிருக்க அமைச்சர் ஷாவர் அதற்குத் தீ வைத்தார். 54 நாள் எரிந்ததாக மக்ரீசி எழுதுவது மிகை என்று இக்கால அறிஞர் கருதுவர். ஊர் முற்றும் அழியவில்லை. ஆயினும் அதன் பெருமை திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அமைச்சுப் பொறுப்பேற்ற சலாகுத்தீன், 1171-இல் பாத்திமியர் ஆட்சிக்கு முடிவு கட்டி, 1176-இல் முகத்தம் குன்றின் சரிவில் கோட்டை கட்டத் தொடங்கினார். ஆற்றை விட்டு அவ்வளவு உயரே சென்ற அரசர்க்கும் தண்ணீர் வேண்டுமல்லவா? பாறையைக் குடைந்து ஏறத்தாழ 90 மீட்டர் ஆழக் கிணறு தோண்டினர். பின்னர் வந்தோர் நைற்கரையிலிருந்து கோட்டை வரை வளைவுகள் மீது நீர்ப்பாலம் அமைத்தனர்.

1200 முதல் மீண்டும் நைல் தவறியது. அப்பொழுது கெய்ரோவில் இருந்தவர் பாக்தாத்து மருத்துவர் அப்துல் லத்தீப். தெருவில் கண்ட கொடுமைகளை அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆற்றுத் துறையான அல் மக்ஸில் எலும்புகள் குன்றாய்க் குவிந்து கிடப்பதறிந்து அங்குச் சென்று, மண்டையோடுகளை எடுத்து ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் சேர்க்கை என்பது கிரேக்க மருத்துவர் காலனின் முடிபு. ஆயிரம் ஆண்டுகளாக அதை எவரும் மறுக்கவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாடைகளைப் பார்த்த அப்துல் லத்தீப், அது ஒரே எலும்பு எனக் கண்டு, நூலைவிடக் கண் நம்பத்தக்கது என்ற துணிவோடு அதனை எழுதினார். அப்பெருந்துயரில் விளைந்த நன்மை அது ஒன்றே.

1250-இல் ஆட்சிக்கு வந்த மம்லூக்கியர் காலத்தைக் கெய்ரோவின் பொற்காலம் என்பர். கட்டடங்களை நோக்கின் அது பொருந்தும். அடிமைகளாய் வாங்கப்பட்டுப் போர்ப்பயிற்சி பெற்ற துருக்கியரும் சர்க்காசியரும் சுல்தான்களாகிப் பள்ளிவாசலும் கல்லூரியும் மருத்துவமனையும் எழுப்பினர். ஆனால் 1348-இல் பரவிய கொள்ளைநோயில் நகரத்தாரில் மூன்றிலொரு பங்கினரோ அதற்கு மேலோ மடிந்திருக்கலாம். சுல்தான் ஹசனின் மாபெரும் பள்ளிவாசல் (1356-1363) எழுந்தது அதற்குப் பின்னரே. வாரிசின்றி இறந்தோர் சொத்தெல்லாம் அரசுக்குச் சேர்ந்தது. அச்செல்வமே அக்கட்டடத்துக்கு உதவிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. அதன் முன் நின்று வியப்போர் இதனையும் நினைத்தல் தகும்.

1382-இல் துனிசிலிருந்து வந்த இப்னு கல்தூன் கெய்ரோவின் பெருமை கண்டு மலைத்தார். நீதிபதியாய் அமர்ந்து, பதவி இழந்து, மீண்டும் பெற்று, 1406-இல் அங்கேயே மறைந்தார். அவரைக் கேட்டுப் பயின்ற அல் மக்ரீசியே கெய்ரோவுக்கு வாய்த்த சிறந்த வரலாற்றாசிரியர். தெருத்தெருவாக, வாயில் வாயிலாக நகரை எழுதினார். அவர் பஞ்சங்களைப் பற்றித் தனி நூலொன்றும் 1405-ஐ ஒட்டி எழுதினார். நைல் குறைவது இயற்கை. ஆனால் குறைவு பஞ்சமாவது பதவியை விலைக்கு விற்கும் ஆட்சியாலும், உழவன் மேல் ஏற்றிய வரியாலும், மதிப்பற்ற செப்புக் காசாலும் என்பது அவர் வாதம். 600 ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்நூலைப் பொருளாதாரம் கற்பிப்போர் படிக்கலாம்.

இதற்கிடையே ஆறே இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. நைல் தன் கீழ்க்கரையில் வண்டலை ஒதுக்கி, மேற்கே மேற்கே விலகிற்று. அம்ரு கட்டிய பள்ளிவாசல் ஒரு காலத்தில் நீரருகே இருந்தது. பின் ஆறு அதனை விட்டு அகன்றது. மூழ்கிய கப்பல் ஒன்றின் மேல் மணல் ஏறித் தீவாகி, அத்தீவு பின்னர்க் கரையோடு ஒட்டிக்கொண்டது. எலும்புக் குன்று கிடந்த அல் மக்ஸ் துறை வறண்டு நிலமாயிற்று. அதனருகேதான் இப்போது ராம்சஸ் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே படகு வந்தது என்றால் நம்புவது கடினம். புதிதாய்த் தோன்றிய நிலத்தில் 14-ஆம் நூற்றாண்டில் பூலாக் எனும் புதுத்துறை எழுந்தது. மிளகும் பின்னர்க் காப்பிக்கொட்டையும் அங்கே கைமாறின.

15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் பர்ஸ்பாய் மிளகு வணிகத்தைத் தம் தனியுரிமையாக்கி விலையை ஏற்றினார். ஐரோப்பியர் வேறு வழி தேடியதற்கு அதுவும் ஒரு தூண்டுதல். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1509-இல் தியூ அருகே மம்லூக்கியர் கப்பற்படை போர்த்துக்கீசியரிடம் தோற்றது. 1517-இல் உதுமானியச் சுல்தான் செலிம் நகரைக் கொண்டார். கடைசி மம்லூக்கியச் சுல்தான் தூமான் பாய் பாபு சுவைலா வாயிலில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கெய்ரோ ஒரு மாகாணத் தலைநகர்.

எனினும் அல் அஸ்ஹரின் புகழ் மங்கவில்லை. பல நாட்டு மாணவர்க்கும் அங்குத் தனித்தனி விடுதிக் கூடங்கள் இருந்தன. மலாய்த் தீவுகளிலிருந்து சென்றோர் தங்கிய கூடத்திற்கு 'ஜாவிக் கூடம்' என்று பெயர். அங்குப் பயின்ற ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் முதலியோர் 1906-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'அல் இமாம்' இதழ், கெய்ரோவின் 'அல் மனார்' இதழைப் பின்பற்றியது. மலாயாவின் மறுமலர்ச்சிக் கருத்துக்களில் ஒரு பகுதி நைற்கரையில் முளைத்தது எனலாம்.

நெப்போலியன் 1798-இல் வந்து மூன்றாண்டில் படை அகன்ற கதை பலரும் அறிந்தது. 1805-இல் ஆட்சியேற்ற முகம்மது அலி 1811-இல் மம்லூக்கியத் தலைவர்களைக் கோட்டைக்கு விருந்துக்கு அழைத்துக் கொன்றொழித்தார். அவர் பூலாக்கில் நிறுவிய அச்சகம் அரபு நூலுலகையே மாற்றியது. 'ஆயிரத்தோர் இரவுகள்' 1835-இல் அங்கே அச்சாயிற்று. அவர் பேரர் இஸ்மாயில், 1867-இல் பாரிஸ் நகரைக் கண்டு வந்து, ஆறு ஒதுக்கிக் கொடுத்த மேற்கு நிலத்தில் நேர்த்தெருக்களும் நாடகக் கொட்டகையும் கொண்ட புது நகரை விரைந்து கட்டினார். 1869-இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு வந்த ஐரோப்பிய முடிமன்னர்கள் மகிழ்ந்தனர். கடன் ஏறியது. 1882-இல் ஆங்கிலப் படை வந்தது.

ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், கலீஜ் கால்வாய் தூர்க்கப்பட்டு அதன் மேல் டிராம் வண்டி ஓடிற்று. ஆண்டுதோறும் நீர் 16 முழம் எட்டியதும் அக்கால்வாயின் வாயில் மண்ணணையை வெட்டித் திறப்பது நகரின் பெருவிழா. கலீபாவும் சுல்தானும் நெப்போலியனுங்கூட அதில் தலைமை தாங்கினர். கழிவு நாறிய கால்வாயை மூடியது உடல்நலத்திற்கு ஏற்றதே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்சியாளரும் கூலியாளும் ஒரே கரையில் நின்று ஒரே நீரை எதிர்பார்த்த நாள் அத்தோடு மறைந்தது. பழங்கால்வாய் சென்ற வழியே இன்று போர்ட் சையது தெரு.

1902-இல் அஸ்வானில் முதல் அணை முடிந்தது. நாசர் ஆட்சியில் 1960-இல் தொடங்கி 1970-இல் முடிந்த உயர் அணை, நைலின் வெள்ளத்தையே நிறுத்திவிட்டது. கெய்ரோ கடைசியாக வெள்ளம் கண்டது 1964-இல். மின்சாரமும் மூன்று போக விளைச்சலும் பஞ்சமின்மையும் கிடைத்தன. 1980-களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்து மக்கள் மாண்டபோது, அதே ஆற்றைக் குடிக்கும் எகிப்து தப்பியது அணையால். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு இலட்சம் நூபிய மக்கள் தம் ஊர்களை நீருக்கு இழந்தனர். வண்டல் அணைக்குள் தங்கிவிட்டது. கழிமுகத்தைக் கடல் அரிக்கிறது. கெய்ரோவில் நிலத்தடி நீரும் உப்பும் பழைய பள்ளிவாசல்களின் அடிக்கல்லைத் தின்கின்றன.

பிரெஞ்சுக்காரர் எண்ணியபோது ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வாழ்ந்த நகரும் அதன் புறநகரும் இன்று இரண்டு கோடிக்கு மேற்பட்டவரைத் தாங்குகின்றன. 1911-இல் பழங்காஹிராவின் ஜமாலிய்யா பகுதியில் பிறந்து, அத்தெருக்களையே கதையாக்கி 1988-இல் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்பூஸ் காட்டிய கெய்ரோ, இப்பெருக்கத்தின் ஒரு மூலையில் ஒடுங்கியுள்ளது. 2011-இல் ஆட்சியை மாற்றிய மக்கள் திரண்டது தஹ்ரீர் சதுக்கத்தில். அது நைலுக்கு அண்மையில், ஆறு விட்டுச் சென்ற நிலத்தில் அமைந்தது. அந்நிகழ்ச்சிக்குப் பின் வந்த அரசு, 2015-இல் புதிய நிர்வாகத் தலைநகர் ஒன்றை அறிவித்துக் கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் பாலைவனத்தில் கட்டி வருகிறது. அமைச்சகங்கள் அங்குக் குடிபெயர்ந்துள்ளன. ஆட்சியாளர் ஆற்றைவிட்டு இவ்வளவு தொலைவு சென்றது இதுவே முதன்முறை; தண்ணீர் மட்டும் குழாயில் பின்தொடர்கிறது.

எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே 2011-இல் தொடங்கிய பேரணையை 2025 செப்டம்பரில் திறந்து வைத்தது. எகிப்து நெடுநாள் வாதாடியும் அணை நீரை எவ்வாறு விடுவது என்பதில் உடன்படிக்கை ஏற்படாமலே அது நடந்தது. முஸ்தன்சிர் காலத்துக் கதையில் வந்த அரசனிடம் அணை இல்லை, இப்போது இருக்கிறது.

'வபா உன் நைல்' என்னும் நிறைவு விழாவை எகிப்தியர் ஆகஸ்டு மாதத்தில் இன்றும் கொண்டாடுகின்றனர். ரோதாத் தீவின் கிணற்றுக்குள் ஆற்று நீர் புகும் சுருங்கைகள் அடைக்கப்பட்டுவிட்டன. பார்க்கச் செல்வோர் படி வழியே அடி வரை கால் நனையாமல் இறங்கி, தூணில் பதினாறாம் முழம் எங்கே என்று அண்ணாந்து பார்க்கின்றனர்.